பட்டியலைக் கீழிருந்து எழுதுவோம்

போன சனிக்கிழமை காலை ஃப்ரிஸ்கோவிலிருந்து தோழி ஒருத்தி கூப்பிட்டாள். "அக்கா, ஒரு எக்ஸெல் ஷீட் அனுப்பியிருக்கேன், பாருங்க. காலேஜ் லிஸ்ட். பதினெட்டு இருக்கு. காமன் ஆப்ல இருபது வரைக்கும் போடலாமாமே, இன்னும் ரெண்டு சேக்கட்டுமா?"

அவள் மகன் இந்த மாதம் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறான். மூன்று வருடமாகப் பள்ளி ரோபாட்டிக்ஸ் குழுவில் இருக்கிறான். ஷீட்டைத் திறந்தேன். எம்ஐடி, கால்டெக், ஸ்டான்ஃபோர்ட், கார்னகி மெலன், பெர்க்லி என்று மேலிருந்து பதினான்கு பெயர்கள் சிவப்பு வண்ணத்தில். அதன் கீழே மஞ்சளில் நான்கு. கடைசி வரிசை பச்சை. அதில் கல்லூரிப் பெயர் இல்லை. 'சேஃப்டி: ஏதாவது ஒண்ணு' என்று மட்டும் எழுதியிருந்தது.

அந்த வரியைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நான்கு வருடத்துக்கு முன் என் மகனுக்காக நாங்கள் போட்ட பட்டியலும் அச்சு அசல் இப்படித்தான் இருந்தது. அவளிடம் ஃபோனில் ஒன்றரை மணி நேரம் பேசினேன். அதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். இந்த வருடம் இதே நிலையில் இன்னும் நிறையப் பேர் இருப்பீர்கள்.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் விண்ணப்பிக்கும் கல்லூரிகளை மூன்றாகப் பிரிப்பார்கள். கிடைத்தால் அதிர்ஷ்டம் என்பது ரீச். பிள்ளையின் தரத்துக்கும் கல்லூரியின் தரத்துக்கும் ஓரளவு பொருந்தி வருவது மேட்ச். கட்டாயம் கிடைத்துவிடும் என்பது சேஃப்டி. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இன்ஜினியரிங், கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம் போகிற பிள்ளைக்கு இந்தப் பிரிவினையைக் கல்லூரியின் பெயரை வைத்துச் செய்யவே முடியாது. எங்கள் வீட்டில் நாங்கள் செய்த தவறு அதுதான்.

2021 இலையுதிர் காலத்தில் மகன் பதினைந்து இடங்களுக்கு விண்ணப்பித்தான். அதில் ஒன்று வேறு மாநிலத்தின் பெரிய அரசுப் பல்கலைக்கழகம். விண்ணப்பித்தவர்களில் பாதிப் பேரைச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று இணையத்தில் படித்துவிட்டு, அதைச் சேஃப்டி என்று பச்சையில் எழுதினோம். ரீச் எதுவும் கிடைக்கவில்லை. மேட்ச் என்று நினைத்தவையும் கைவிட்டன. இந்த ஒன்று மட்டும் கிடைத்தது. கடிதத்தைத் திறந்தால், கேட்ட கம்ப்யூட்டர் சயின்ஸ் இல்லை. இரண்டாவது விருப்பமாகப் பேருக்குப் போட்டு வைத்த பொருளாதாரம். "உள்ள போயிட்டா மாத்திக்கலாம்மா" என்றான். நாங்களும் நம்பினோம். ஒரு வருடம் அங்கே இருந்தான். மாறுவதற்கான கதவு எங்களுக்குத் தெரிந்ததைவிட மிகக் குறுகலானது. நுழைய முடியவில்லை. 2023 மே மாதம், போர்வையும் மேசை விளக்கும் காரின் பின்சீட்டில் கிடக்க, ஒரு நாள் முழுக்க ஓட்டி வீட்டுக்கு வந்தோம். வழியில் அவன் அதிகம் பேசவில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தின் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. விதிகள் எல்லாம் அவர்கள் தளத்திலேயே இருந்தன. படிக்காமல் விட்டது நாங்கள்.

இதில் எனக்கு உறுத்துவது என்னவென்றால், நம் ஊரில் வளர்ந்த எவருக்கும் இது தெரியாத பாடம் இல்லை. நான் 1998-இல் ஈரோட்டிலிருந்து அப்பாவோடு அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சிலிங்குக்குப் போனவள். ஒற்றைச் சாளர முறை வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணில் 200, நுழைவுத் தேர்வில் 100, ஆக 300-க்குக் கட்-ஆஃப். ரயிலில் வரும்போதே அப்பா ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தார். 'கிண்டி சிவில்', 'பிஎஸ்ஜி ஈசிஈ', 'கோயம்புத்தூர் ஜிசிடி எலக்ட்ரிகல்' என்று. வெறுமனே 'கிண்டி' என்று எவரும் எழுத மாட்டார்கள். கல்லூரியும் பிரிவும் சேர்ந்ததுதான் ஒரு இடம். நம் பெற்றோர் எல்லோருக்கும் தெரிந்த இந்தக் கணக்கை, கடல் தாண்டி வந்ததும் எப்படி மறந்தோம்?

இல்லினாய், அர்பானா-ஷாம்பெய்னை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தச் சேர்க்கை விகிதம் நூற்றுக்கு நாற்பது அளவில். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மட்டும் பார்த்தால் நூற்றுக்கு ஏழு பேர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆலன் ஸ்கூல்தான் கம்ப்யூட்டர் சயின்ஸ் நடத்துகிறது. அந்த மாநிலத்துப் பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இடம் கிடைக்கும். வெளி மாநிலத்திலிருந்து போகும் நம் பிள்ளைகளுக்கு நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான். எம்ஐடியைவிடக் கடினம்! ஜார்ஜியா டெக்கில் ஜார்ஜியா பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்குக் கிடைக்கிறது, வெளியாட்களில் பத்தில் ஒருவருக்கு. ஒரே கல்லூரி, ஒரே வருடம். அட்லாண்டாவில் இருக்கும் உங்கள் நாத்தனார் மகனுக்கு அது மேட்ச், டல்லாஸில் இருக்கும் உங்கள் மகனுக்கு அது ரீச். வாட்ஸ்அப் குழுவில் யாராவது "ஜார்ஜியா டெக் ஈஸிதான், எங்க பொண்ணுக்குக் கிடைச்சுது" என்று எழுதினால், முதலில் அவர்கள் எந்த மாநிலம், அந்தப் பெண் எந்த மேஜர் (படிப்புப் பிரிவு) என்று கேளுங்கள்.

டெக்சஸில் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. 1997-இல் இங்கே ஒரு சட்டம் வந்தது. பள்ளியில் முதல் பத்து சதவீதத்துக்குள் வந்தால் மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாக இடம். ஆஸ்டினில் இருக்கும் டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் நெரிசல் தாங்காமல் பின்னால் விலக்குக் கொடுத்தார்கள். சில வருடம் அங்கே ஆறு சதவீதமாக இருந்தது. 2026-இல் சேரும் பிள்ளைகளுக்கு ஐந்து. தோழியின் மகன் வகுப்பில் 600 பேர், அவனுடைய ரேங்க் 48. ஆறு சதவீதம் என்றால் 36, ஐந்து என்றால் 30. ஆஸ்டினின் தானியங்கிச் சேர்க்கை அவனுக்குக் கிடையாது. ஆனால் பத்து சதவீதம் என்றால் 60. டெக்சஸ் ஏ அண்ட் எம்மும் யூடி டல்லாஸும் அவனுக்குத் திறந்தே இருக்கின்றன. அவனுடைய பதினெட்டில் இந்த இரண்டுமே இல்லை.

'தானாக இடம்' என்ற சொல்லையும் நிதானமாகப் படிக்க வேண்டும். அது பல்கலைக்கழகத்துக்குள் இடம். கேட்ட மேஜரில் இடம் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. ஆஸ்டினில் இன்ஜினியரிங்குக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் விண்ணப்பத்தைத் தனியாக எடைபோடுவார்கள். முதல் ஐந்து சதவீதத்துக்குள் வந்த பிள்ளைக்கும் ஆஸ்டின் கம்ப்யூட்டர் சயின்ஸ் ரீச்தான். ஏ அண்ட் எம்மில் வேறு வழி. இன்ஜினியரிங் பிள்ளைகளைப் பொதுவாகச் சேர்த்துக்கொண்டு, முதலாண்டுக்குப் பிறகு பிரிவைத் தருவார்கள். என் மகள் விண்ணப்பித்தபோது இருந்த விதிப்படி ஜிபிஏ 3.75 எடுத்தால் கேட்ட பிரிவு உறுதி, அதற்குக் கீழே போனால் போட்டி. முதல் வருடத்திலேயே கால்குலஸும் பிசிக்ஸும் வைத்துக்கொண்டு 3.75 என்பது விளையாட்டில்லை. பர்ட்யூ பல்கலைக்கழகத்திலும் முதலாண்டு எல்லா இன்ஜினியரிங் பிள்ளைகளுக்கும் பொதுதான். ஆனால் அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் இருப்பது இன்ஜினியரிங் கல்லூரியில் இல்லை, சயின்ஸ் கல்லூரியில். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் வேண்டுமா, கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டுமா என்பதைப் படிவத்தை நிரப்புவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

அதனால் தோழியிடம் நான் முதலில் கேட்டது ரேங்க்கைப் பற்றி இல்லை. "ரோபாட்டிக்ஸ்ல அவன் என்ன செய்யறான்?"

"கோடிங்தான் அக்கா."

"அவன்கிட்ட ஃபோனைக் குடு."

வந்தான். "ஆன்ட்டி, மோட்டார் கன்ட்ரோலர் சைடு நான் பாக்கறேன். சென்சார் நாய்ஸ் எல்லாம் ஃபில்டர் பண்றது. போன வருஷம் ஒரு போர்டு நானே டிசைன் பண்ணேன்." சொல்லும்போதே குரல் ஏறியது. இவன் கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளை இல்லை. எலக்ட்ரிகல், அல்லது கம்ப்யூட்டர் இன்ஜினியரிங். பதினெட்டு வரியிலும் 'சிஎஸ்' என்று எழுதியிருந்தது, அக்கம்பக்கத்தில் எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள் என்பதற்காக. மேஜரை அவன் கைக்குப் பிடித்ததாக மாற்றினாலே சிவப்பில் இருந்த சில இடங்கள் மஞ்சளுக்கு வரும். குறுக்கு வழியாக இதைச் சொல்லவில்லை. சுலபமான பிரிவில் நுழைந்து உள்ளே போய்த் தாவிக்கொள்ளலாம் என்பது என் மகனுக்கு ஒரு வருடத்தைத் தின்ற யோசனை. பிள்ளைக்கு உண்மையிலேயே எது பிடிக்கும் என்று பாருங்கள் என்கிறேன். பிடித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என்றால் அதையே போடட்டும், ஆனால் அந்த மேஜரில் மேட்ச் என்று சொல்லத்தக்க இடங்கள் இன்று மிகக் குறைவு என்று தெரிந்து போடட்டும்.

பட்டியலைப் பச்சையிலிருந்து மேல்நோக்கி எழுதச் சொல்கிறேன். சேஃப்டி என்று ஒன்றை எழுத வேண்டுமானால், அது பிள்ளைக்குக் கேட்ட மேஜரோடு கிடைக்க வேண்டும். அதன் கட்டணத்தை உங்களால் கடன் வாங்காமலோ, தாங்கக்கூடிய கடனோடோ கட்ட முடிய வேண்டும். மூன்றாவதுதான் கடினம்: பிள்ளை அங்கே போக மனதார விரும்ப வேண்டும். 'ஏதாவது ஒண்ணு' என்று எழுதிய இடத்துக்கு ஏப்ரல் மாதம் எந்தப் பிள்ளையும் சந்தோஷமாகப் போவதில்லை. தோற்றுப்போய்ப் போகிற இடமாகத்தான் அதை நினைக்கும்.

எங்களுக்கு அப்படி ஓர் இடம் வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் இருந்தது, யூடி டல்லாஸ். பிளேனோவில் இருப்பதால் தினமும் அதைத் தாண்டித்தான் போவோம். அதனாலேயே மகன் அப்போது அதைப் பட்டியலில் சேர்க்க மறுத்தான், நாங்களும் வற்புறுத்தவில்லை. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸை வளர்த்தெடுத்த மெக்டெர்மட், கிரீன், ஜான்சன் மூவரும் தங்கள் நிறுவனத்துக்கு வேண்டிய ஆராய்ச்சி ஆட்கள் இந்த ஊரில் கிடைக்கவில்லையே என்று 1961-இல் தொடங்கிய ஆராய்ச்சி மையம் அது. 1969-இல் பல்கலைக்கழகமானது. ஜாக் கில்பி 1958-இல் முதல் இன்டகிரேட்டட் சர்க்யூட்டைச் செய்து காட்டியதும் அதே நிறுவனத்தில், இதே டல்லாஸில். நம் வீட்டு வாசலில் இப்படி ஒரு கதை இருக்க, பாஸ்டனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வருடம் போன பிறகு மகன் அங்கேதான் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் சேர்ந்தான். இரண்டாம் செமஸ்டரில் ஒரு பேராசிரியரின் லேபில் இடம் கிடைத்தது. இப்போது வீட்டுக்கு வந்தால் அந்த லேபைப் பற்றித்தான் பேச்சு.

பணத்தைப் பற்றி நம் வீடுகளில் பிள்ளை எதிரில் பேச மாட்டோம். பேசுங்கள். கல்லூரிகள் தங்கள் தளத்தில் நெட் பிரைஸ் கால்குலேட்டர் வைத்திருக்க வேண்டும் என்று 2011 முதல் மத்திய அரசின் விதி இருக்கிறது. வருமானத்தைப் போட்டால் உங்கள் குடும்பத்துக்கு ஏறத்தாழ எவ்வளவு ஆகும் என்று காட்டும். விண்ணப்பத்துக்கு முன்பே, ஆகஸ்டிலேயே, ஒவ்வொன்றுக்கும் போட்டுப் பாருங்கள். பெரிய தனியார் கல்லூரிகள் பலவற்றில் தங்கும் செலவும் சேர்த்து வருடத்துக்கு 90,000 டாலரைத் தாண்டுகிறது. எம்ஐடியும் கால்டெக்கும் மதிப்பெண்ணுக்காக உதவித்தொகை தருவதில்லை, குடும்பத்தின் தேவையைப் பார்த்துத்தான் தருகின்றன. ஆனால் 2025 இலையுதிர் முதல், வழக்கமான சொத்து நிலையோடு ஆண்டு வருமானம் இரண்டு லட்சம் டாலருக்குக் கீழே உள்ள குடும்பங்களுக்கு எம்ஐடியில் கல்விக் கட்டணம் இல்லை. ஒரே சம்பளத்தில் ஓடும் நம் வீடுகள் பல இதற்குள் வரும். மாறாக, பர்ட்யூ 2013 முதல் கட்டணத்தை ஏற்றாமல் வைத்திருக்கிறது, உள்ளூர்ப் பிள்ளைக்கு 9,992 டாலர், வெளி மாநிலத்தவருக்கு 28,794. வெளி மாநிலப் பொறியியல் கல்லூரிகளில் இது நியாயமான கட்டணம். மேட்ச் தேடுபவர்கள் இந்தப் பெயரை மறக்க வேண்டாம்.

தோழிக்கு இன்னொரு சுமையும் இருக்கிறது. அவர்கள் வந்து பதினோரு வருடமாகியும் கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறார்கள். பையன் பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கிறான். நான்காம் வகுப்பு வயதுக்கும் முன்பே இங்கே வந்து, ஆங்கிலத்திலேயே கனவு காணும் பிள்ளை. விண்ணப்பத்தில் பல கல்லூரிகள் அவனை வெளிநாட்டு மாணவனாகத்தான் எண்ணும். எஃப்ஏஎஃப்எஸ்ஏ நிரப்பி மத்திய அரசின் உதவி கேட்க முடியாது. டெக்சஸில் மாநிலக் கட்டணத்துக்கு அவனுக்குத் தகுதி உண்டு, எல்லா மாநிலமும் அப்படியில்லை. எச்-4-இல் சம்பளம் வாங்கும் இன்டர்ன்ஷிப் செய்ய முடியாது. இருபத்தோரு வயதானதும் எஃப்-1 மாணவர் விசா மாதிரி வேறு விசாவுக்குப் போயாக வேண்டும். இன்ஜினியரிங் பிள்ளைக்கு இரண்டாம் மூன்றாம் வருடக் கோடைக்கால வேலைதான் பாதிப் படிப்பு. அதனால் எச்-4 வீடுகள், விசாவை எப்போது மாற்றுவது, மாற்றினால் மாநிலக் கட்டணம் தொடருமா என்பதை ஒவ்வொரு கல்லூரியிலும் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கே எழுதிக் கேளுங்கள். எழுத்தில் பதில் வாங்குங்கள். இந்தப் பிள்ளைகளுக்குச் சேஃப்டி என்ற சொல்லுக்கே பொருள் வேறு. அதை நினைத்தால் எனக்கு மனம் கனத்துவிடுகிறது.

மேட்ச் தேட ஒரு நல்ல கருவி இருக்கிறது. 'காமன் டேட்டா செட்' என்று கல்லூரிப் பெயரோடு சேர்த்துத் தேடுங்கள். பெரும்பாலான கல்லூரிகள் ஒரே வடிவத்தில் வெளியிடும் புள்ளிவிவரக் கோப்பு. அதில் சி7 என்ற பகுதியில், ரேங்க், பாடங்களின் கடினம், கட்டுரை, கல்லூரி மேல் மாணவர் காட்டும் ஆர்வம் என ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு மதிப்பு என்று அவர்களே குறித்திருப்பார்கள். ஆர்வத்துக்கு மதிப்பு உண்டு என்று போட்டிருக்கும் இடத்துக்கு, ஒருமுறைகூட எட்டிப் பார்க்காமல் விண்ணப்பித்தால் மேட்ச் கைநழுவும். மேஜர் வாரியான எண்கள் அதில் இருக்காது. அதைத் துறையின் தளத்தில்தான் தேட வேண்டும். மூன்று இரவு உட்கார்ந்தால் முடிந்துவிடும் வேலை.

சிறிய கல்லூரிகளையும் ஒருமுறை பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். இண்டியானாவில் ரோஸ்-ஹல்மன் என்று ஒன்று, முனைவர் பட்டமே கிடையாது. பேராசிரியர்களின் முழுக் கவனமும் இளங்கலைப் பிள்ளைகள் மேல்தான். மாசசூசெட்ஸில் டபிள்யூபிஐ, ஏழு வாரப் பருவங்களாகப் பிரித்து, புராஜெக்ட் செய்தே படிக்க வைக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் இவற்றின் பெயரே வராது. போர்டு டிசைன் செய்யும் பையனுக்கு இவை ஐந்நூறு பேர் உட்காரும் வகுப்பைவிடப் பொருந்தலாம்.

ரீச் போட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2024-இல் எம்ஐடிக்கு 28,000-க்கு மேல் விண்ணப்பங்கள், இடம் கிடைத்தது 1,300-க்கும் குறைவான பேருக்கு. வராமல் போனவர்களில் பெரும்பாலோர் அங்கே நன்றாகப் படித்திருக்கக்கூடியவர்கள். என் மகளும் போட்டாள், நான்தான் போடச் சொன்னேன். மார்ச் 14, பை நாளன்று முடிவு வரும். வரவில்லை. அரை மணி நேரம் அறைக்குள் இருந்தாள், அழுதிருப்பாள். பிறகு வெளியே வந்து, "அம்மா, ஏ அண்ட் எம் ஹவுசிங் டெபாசிட் கட்டிட்டோமா?" என்றாள். அண்ணன் பட்டியலில் பதினைந்து பெயர், அவள் பட்டியலில் ஒன்பது. கீழிருந்து எழுதியது. பர்ட்யூவும் வந்தது. இரண்டையும் நேரில் பார்த்துவிட்டு, கட்டண வித்தியாசத்தையும் ஒரே தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அவளே ஏ அண்ட் எம்மைத் தேர்ந்தெடுத்தாள். இந்த மாதம் காலேஜ் ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். 3.75-ஐ அறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

ரீச் நான்கு போதும் என்று தோழியிடம் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டுரைகள் உண்டு, பதினான்கு கல்லூரிக்கு ஒரு பையன் மனசாரக் கட்டுரை எழுத முடியாது. எழுதினால் பத்தாவதில் கல்லூரிப் பெயரை மாற்ற மறந்துவிடுவான். எந்த நான்கு என்பதை அவனே சொல்லட்டும்.

நேற்று ராத்திரி மறுபடி அழைத்தாள். "அக்கா, லிஸ்ட் பத்தாயிடுச்சு. கீழ ரெண்டு பச்சை, பேரோட எழுதியிருக்கு. அவன் யூடி டல்லாஸை நேர்ல பாக்கணும்ங்கறான். உங்க பையன் வெள்ளிக்கிழமை இருப்பானா?"

மகன் சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தான். கேட்டேன். தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டுச் சொன்னான்: "பத்து மணிக்கு வரச் சொல்லும்மா. அவன் டிசைன் பண்ண போர்டையும் எடுத்துட்டு வரச் சொல்லு. எங்க லேப்ல ஸ்கோப்புல போட்டுப் பாக்கலாம்."